பனி ஹாக்கியில் ஆஃப்சைடு விதி

பனி ஹாக்கியில் ஆஃப்சைடு என்பது, எதிரணியின் கோல் இருக்கும் பகுதிக்குள் வட்டு நுழைவதற்கு முன்பே தாக்குதல் அணியின் வீரர் ஒருவர் நுழைந்துவிடுவதைக் குறிக்கும். பனித்தரையில் வரையப்பட்டுள்ள நீலக்கோடே அந்தப் பகுதியின் எல்லை. வட்டு அக்கோட்டை முழுமையாகக் கடந்த பின்னரே வீரர்கள் கடக்கலாம். முந்திக்கொண்டால் ஆட்டம் நிறுத்தப்படும்.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்ற பழமொழியை நினைவில் வைத்துக்கொண்டால் இவ்விதி மறக்காது. வட்டு முன்னே செல்ல வேண்டும், வீரர் பின்னே செல்ல வேண்டும். எனினும் எந்தக் கணத்தில், உடலின் எந்த உறுப்பு, கோட்டின் எந்த விளிம்பு என்ற கேள்விகள் எழும்போது விதி நுட்பமாகிறது. இந்த நுட்பத்தில் நேர்ந்த பிழைகள் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டங்களிலும் சர்ச்சையை உண்டாக்கியுள்ளன. இக்கட்டுரை பெரும்பாலும் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் பின்பற்றும் விதிகளை அடிப்படையாகக் கொண்டது. சர்வதேச ஆட்டங்களிலும் அடிப்படைக் கருத்து இதுவே.

ஆடுகளத்தின் அமைப்பு

பனி ஹாக்கியில் ஓர் அணியில் கோல் காப்பாளர் உட்பட 6 பேர் ஒரே நேரத்தில் களத்தில் ஆடுவர். பந்துக்குப் பதிலாகப் 'பக்' எனப்படும் கடினமான ரப்பர் வட்டு பயன்படுத்தப்படுகிறது. இதன் குறுக்களவு 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம். வீரர்கள் அடியில் எஃகுத் தகடு பொருத்திய ஸ்கேட் காலணிகளை அணிந்து சறுக்கியபடி, நீண்ட மட்டையால் வட்டைத் தள்ளியும் அடித்தும் ஆடுகின்றனர்.

தேசிய ஹாக்கி லீக் ஆடுகளத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. களத்தின் நடுவே சிவப்பு நிற நடுக்கோடும், அதன் இருபுறமும் ஒவ்வொரு நீலக்கோடும் குறுக்காக வரையப்பட்டிருக்கும். நீலக்கோடு ஒவ்வொன்றும் 12 அங்குல அகலமுடைய பட்டை. இவ்விரு கோடுகளும் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன.

1. தற்காப்புப் பகுதி: ஓர் அணியின் சொந்தக் கோல் அமைந்துள்ள பகுதி. நீளம் 75 அடி.

2. நடுப்பகுதி: இரு நீலக்கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதி. நீளம் 50 அடி.

3. தாக்குதல் பகுதி: எதிரணியின் கோல் அமைந்துள்ள பகுதி. இதன் நீளமும் 75 அடி.

ஓர் அணியின் தற்காப்புப் பகுதியே மற்ற அணிக்குத் தாக்குதல் பகுதி. ஆகவே ஓர் அணிக்கு ஆஃப்சைடு ஏற்படக்கூடிய நீலக்கோடு ஒன்றே ஒன்றுதான். அது எதிரணியின் கோலுக்கு அருகிலுள்ள கோடு. தன் கோலுக்கு அருகிலுள்ள நீலக்கோட்டை ஒரு வீரர் வட்டுக்கு முன்பும் கடக்கலாம், பின்பும் கடக்கலாம்.

ஆட்டத்தில் இரண்டு தலைமை நடுவர்களும் இரண்டு கோட்டு நடுவர்களும் இருப்பர். ஆஃப்சைடு குறித்துக் களத்தில் முடிவு சொல்வது கோட்டு நடுவர்களின் பொறுப்பு. வட்டு ஒரு பகுதிக்குள் நுழையும் நேரத்தில் அவர்களில் ஒருவர் நீலக்கோட்டின் அருகே வந்து நின்று கவனிப்பார்.

அடிப்படை விதி

ஒரு நுழைவு ஆஃப்சைடா இல்லையா என்பதை அறிய மூன்று கேள்விகள் உதவும்.

முதல் கேள்வி: வட்டு எப்போது கோட்டைக் கடந்தது?

வட்டு நீலக்கோட்டின் முழு அகலத்தையும் தாண்டி, கோல் பக்கமுள்ள விளிம்பை முழுமையாகக் கடக்கும் கணமே முடிவெடுக்கும் கணம். வட்டின் ஒரு சிறு பாகம் கோட்டின் மேல் இருந்தாலும் அது இன்னும் நுழையவில்லை என்றே பொருள்.

வெளியேறும்போதும் இதே முறைதான். தாக்குதல் பகுதியிலிருந்து வெளிவரும் வட்டு, கோட்டின் நடுப்பகுதி பக்கமுள்ள விளிம்பை முழுமையாகக் கடந்தால்தான் வெளியேறியதாகக் கருதப்படும். சுருங்கச் சொன்னால், வட்டு எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதிக்கே கோடும் சொந்தம். உள்ளே வரும் வட்டு கோட்டில் இருந்தால் அது இன்னும் வெளியில்தான் இருக்கிறது. வெளியே செல்லும் வட்டு கோட்டில் இருந்தால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாம் கேள்வி: அந்தக் கணத்தில் வீரரின் ஸ்கேட்டுகள் எங்கே இருந்தன?

ஆஃப்சைடைத் தீர்மானிப்பவை வீரரின் ஸ்கேட்டுகள் மட்டுமே. மட்டை, கை, தலை, தோள் ஆகியவை கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஒரு வீரரின் இரண்டு ஸ்கேட்டுகளும் கோட்டை முழுமையாகத் தாண்டி உள்ளே இருந்தால்தான் அவர் ஆஃப்சைடு. ஒரு ஸ்கேட் உள்ளேயும் மற்றொன்று கோட்டின் மீதோ கோட்டுக்கு வெளியேயோ இருந்தால் ஆஃப்சைடு இல்லை. வீரர்கள் ஒரு காலை முன்னே வைத்து மறு காலைக் கோட்டின் மேல் இழுத்தபடி காத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

முன்பு அந்தப் பின்னங்கால் பனியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஸ்கேட் கோட்டுக்கு நேர் மேலே இருந்தாலும், பனியிலிருந்து நூலளவு உயர்ந்திருந்தால் ஆஃப்சைடு எனத் தீர்க்கப்பட்டது. 2020–21 பருவம் முதல் தேசிய ஹாக்கி லீக் இதை மாற்றியது. இப்போது நீலக்கோடு தரையிலிருந்து மேல்நோக்கி எழும் கண்ணுக்குத் தெரியாத சுவர் போலக் கருதப்படுகிறது. ஸ்கேட் அந்தரத்தில் இருந்தாலும், கோட்டுக்கு மேலே இருந்தால் போதும்.

மூன்றாம் கேள்வி: வட்டை உள்ளே கொண்டுவந்தவர் யார்?

இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை இரண்டு விதிவிலக்குகளைத் தருகிறது. முதலாவது, வட்டைத் தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வீரர், தன் ஸ்கேட்டுகள் வட்டுக்கு முன்பே கோட்டைக் கடந்தாலும் ஆஃப்சைடு ஆகமாட்டார். ஒருவர் பின்னோக்கிச் சறுக்கியபடி வட்டை இழுத்துக்கொண்டு நுழைவது இதனால் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் கோட்டைக் கடப்பதற்கு முன்பே வட்டு அவர் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். கோட்டைத் தாண்டி நின்றுகொண்டு, வெளியிலிருந்து வரும் வட்டை மட்டையை நீட்டி வாங்கி உள்ளே இழுத்தால் அது ஆஃப்சைடு.

இரண்டாவது, தற்காப்பு அணியின் வீரரே வட்டைத் தன் சொந்தப் பகுதிக்குள் எடுத்துச் சென்றாலோ, தன் அணி வீரருக்குப் பின்னோக்கித் தள்ளினாலோ, அங்கே ஏற்கெனவே எதிரணி வீரர் நின்றிருப்பது குற்றமாகாது. தாமே உள்ளே கொண்டுவந்த வட்டுக்காக எதிரணியைக் குறைகூற முடியாது என்பதே இதன் நியாயம்.

தாமத ஆஃப்சைடு

ஆஃப்சைடு நேர்ந்த ஒவ்வொரு முறையும் உடனே ஊதல் ஊதினால் ஆட்டம் அடிக்கடி தடைபடும். அதைத் தவிர்க்கவே தாமத ஆஃப்சைடு என்னும் ஏற்பாடு உள்ளது.

தாக்குதல் அணி வீரர் ஒருவர் முன்கூட்டியே உள்ளே இருக்கிறார். அவருடைய அணியினர் வட்டை நடுப்பகுதியிலிருந்து உள்ளே அடித்துவிடுகின்றனர். ஆனால் உள்ளே வந்த வட்டைத் தாக்குதல் அணியினர் யாரும் தொடவில்லை. இந்நிலையில் கோட்டு நடுவர் ஊதாமல் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பார். உயர்ந்த கை, "ஆஃப்சைடு நிலை இருக்கிறது, ஆட்டம் தொடரலாம்" என்பதற்கான அறிவிப்பு.

இதன்பின் ஆட்டம் மூன்று வழிகளில் செல்லலாம்.

1. தற்காப்பு அணி வட்டை நடுப்பகுதிக்கு வெளியேற்றிவிட்டால் ஆஃப்சைடு நிலை முடிந்துவிடும்.

2. உள்ளே இருந்த தாக்குதல் வீரர்கள் அனைவரும் வெளியேறினாலும், அல்லது நீலக்கோட்டை ஸ்கேட்டால் தொட்டுவிட்டாலும் நிலை சரியாகிவிடும். நடுவர் கையை இறக்குவார். அவர்கள் உடனே மீண்டும் உள்ளே நுழையலாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பகுதியை விட்டு நீங்கியிருக்க வேண்டும். ஒருவர் கோட்டைத் தொட்டுவிட்டு, மற்றவர் வெளியேறும் முன்பே உள்ளே திரும்பினால் நிலை தீராது.

3. தாக்குதல் வீரர் வட்டைத் தொட்டாலோ, கைப்பற்ற முயன்றாலோ, வட்டை வைத்திருக்கும் தற்காப்பு வீரரை மேலும் பின்னுக்கு விரட்டினாலோ நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார்.

கை உயர்ந்திருக்கும் நேரத்தில் தாக்குதல் அணி அடித்த வட்டு கோலுக்குள் சென்றாலும் அது கோலாகாது. தாக்குதல் அணியின் தலையீடு ஏதுமின்றித் தற்காப்பு அணியே தன் கோலுக்குள் வட்டைப் போட்டுக்கொண்டால் மட்டுமே கோல் வழங்கப்படும்.

ஆட்டம் மீண்டும் தொடங்கும் இடம்

ஆஃப்சைடுக்கு வீரர் யாரும் வெளியே அனுப்பப்படுவதில்லை. ஆட்டம் நின்ற பிறகு, இரு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவர் எதிரெதிரே குனிந்து நிற்க, நடுவர் அவர்களுக்கிடையே வட்டைப் பனியின் மேல் போடுவார். இதற்கு ஃபேஸ் ஆஃப் என்று பெயர்.

வட்டைக் கொண்டுசெல்லும்போது ஆஃப்சைடு ஏற்பட்டிருந்தால், இது நீலக்கோட்டுக்குச் சற்று வெளியே நடுப்பகுதியில் உள்ள புள்ளியில் நடைபெறும். ஆட்டத்தை நிறுத்துவதற்காகவே ஓர் அணி வேண்டுமென்று ஆஃப்சைடு செய்ததாக நடுவர் கருதினால், அந்த அணியின் சொந்தத் தற்காப்புப் பகுதியில் ஃபேஸ் ஆஃப் நடைபெறும். சொந்தக் கோலுக்கு அருகே வட்டை இழக்கும் ஆபத்து இருப்பதால் இது ஒருவகைத் தண்டனையே.

விதி தோன்றி வளர்ந்த வரலாறு

கனடாவின் மாண்ட்ரியால் நகரில் உள்ள விக்டோரியா சறுக்கு அரங்கில் 1875 மார்ச் 3 அன்று ஜேம்ஸ் கிரெய்ட்டன் என்பவர் ஏற்பாடு செய்த ஆட்டம், உள்ளரங்கில் நடந்த முதல் முறையான பனி ஹாக்கி ஆட்டமாகக் கருதப்படுகிறது. 1877-இல் மாண்ட்ரியால் நாளிதழ் ஒன்றில் ஆட்ட விதிகள் அச்சாகின. அவை பெரும்பாலும் இங்கிலாந்தின் புல்தரை ஹாக்கி விதிகளைத் தழுவியவை.

அக்காலத்தில் நீலக்கோடு கிடையாது. ரக்பி ஆட்டத்தில் உள்ளதுபோல, வீரர்கள் எப்போதும் வட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் சக வீரருக்கு வட்டை அனுப்ப முடியாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ மட்டுமே அனுப்பலாம். ஆகவே முன்னேற ஒரே வழி, வட்டைத் தானே கொண்டுசெல்வதுதான்.

நீலக்கோடுகள் மேற்குக் கனடாவில் பிறந்தன. சகோதரர்களான லெஸ்டர் பாட்ரிக், பிராங்க் பாட்ரிக் ஆகியோர் நடத்திய பசிபிக் கோஸ்ட் ஹாக்கி சங்கம், 1913–14 பருவத்தில் களத்தைக் கோடுகளால் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியில் மட்டும் வட்டை முன்னோக்கி அனுப்ப அனுமதித்தது. 1917-இல் தொடங்கப்பட்ட தேசிய ஹாக்கி லீக், 1918–19 பருவத்தில் இதே வழியைப் பின்பற்றியது. 1927–28 பருவத்தில் சொந்தத் தற்காப்புப் பகுதிக்குள்ளும் முன்னோக்கி அனுப்பலாம் என்றானது.

தாக்குதல் பகுதியில் மட்டும் தடை நீடித்ததால் கோல்கள் அரிதாயின. 1928–29 பருவத்தில் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் கோல் காப்பாளர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22 ஆட்டங்களை ஒரு கோலும் விடாமல் முடித்தார். ஆட்டம் சுவையிழந்து வருவதைக் கண்ட லீக், 1929–30 பருவத்தின் தொடக்கத்தில் மூன்று பகுதிகளுக்குள்ளும் முன்னோக்கி அனுப்ப அனுமதி அளித்தது.

ஆனால் ஒரு தடையை நீக்கியபோது அதற்கு ஈடான காவல் எதுவும் வைக்கப்படவில்லை. தாக்குதல் வீரர்கள் வட்டு வரும் முன்பே எதிரணியின் கோல் வாயிலில் போய் நின்றுகொண்டனர். கோல்கள் குவிந்தன. நிலைமை எல்லை மீறியதால் பருவத்தின் நடுவிலேயே, 1929 டிசம்பரில், புதிய விதி சேர்க்கப்பட்டது. தாக்குதல் அணியின் எந்த வீரரும் வட்டுக்கு முன்பாகத் தாக்குதல் பகுதிக்குள் நுழையக் கூடாது என்பதே அது. இன்றைய ஆஃப்சைடு விதியின் பிறப்பு இதுவே.

மாற்றத்தின் அளவை இரண்டு எண்கள் காட்டும். கோல்களையும் கோலுக்கு உதவியவற்றையும் கூட்டிக் கணக்கிடும் புள்ளிப் பட்டியலில், 1928–29 பருவத்தில் முதலிடம் பெற்ற டொராண்டோ அணியின் ஏஸ் பெய்லி எடுத்தவை 32 புள்ளிகள். அடுத்த பருவத்தில் முதலிடம் பெற்ற பாஸ்டன் அணியின் கூனி வைலண்ட் எடுத்தவை 73 புள்ளிகள்.

நடுக்கோடும் இரு கோட்டு விதியும்

1929-க்குப் பிறகும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஓர் அணி தன் தற்காப்புப் பகுதியிலிருந்து நீலக்கோட்டைத் தாண்டி வட்டை முன்னோக்கி அனுப்ப முடியாது, கொண்டுதான் செல்ல வேண்டும். எதிரணி பலர் கூடி நெருக்கினால் வெளியே வரவே வழியிருக்காது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பயிற்சியாளர் பிராங்க் பூஷே முன்னின்று வலியுறுத்தியதன் பயனாக, 1943–44 பருவத்தில் களத்தின் நடுவே சிவப்புக் கோடு வரையப்பட்டது. தற்காப்புப் பகுதியிலிருந்து அந்த நடுக்கோடு வரை வட்டை அனுப்பலாம் என்றானது.

நீலக்கோடு, நடுக்கோடு ஆகிய இரண்டையும் ஒரே வீச்சில் தாண்டி அனுப்புவது மட்டும் தடைசெய்யப்பட்டது. இதுவும் ஒருவகை ஆஃப்சைடாகவே கருதப்பட்டு, இரு கோட்டு விதி எனப்பட்டது. காலப்போக்கில் தற்காப்பு அணிகள் நடுப்பகுதியில் அரண்போல் நின்று இவ்விதியைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டன. சர்வதேச பனி ஹாக்கி கூட்டமைப்பு 1998-இல் இதைக் கைவிட்டது. 2004–05 பருவம் முழுவதும் உரிமையாளர்–வீரர் தகராறால் நடைபெறாமல் போன பின்னர், 2005–06-இல் தேசிய ஹாக்கி லீக்கும் இதை நீக்கியது. கோட்டைத் தொட்டுத் திரும்பும் தாமத ஆஃப்சைடு முறையும் அப்போது மீண்டும் கொண்டுவரப்பட்டது. மேலும் நடுப்பகுதி 54 அடியிலிருந்து 50 அடியாகக் குறைக்கப்பட்டது.

1980: கண் தவறிய ஒரு கணம்

1980 மே 24 அன்று ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியும் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணியும் மோதின. தொடரில் ஐலண்டர்ஸ் 3–2 என முன்னிலையில் இருந்தது.

முதல் காலப் பகுதியில், ஐலண்டர்ஸ் வீரர் கிளார்க் கில்லிஸ் வட்டுடன் தாக்குதல் பகுதிக்குள் நுழைந்து, பின்னால் வந்த பட்ச் கோரிங்கிற்குப் பின்னோக்கித் தள்ளினார். வட்டு நீலக்கோட்டைத் தாண்டி நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. கோரிங் அதை மீண்டும் உள்ளே கொண்டுசென்றார். அவரிடமிருந்து வட்டைப் பெற்ற டுவேன் சட்டர் கோல் அடித்தார்.

மூன்று கேள்விகளை இங்கே பொருத்திப் பார்க்கலாம். வட்டு ஒருமுறை முழுமையாக வெளியேறியதால் முந்தைய நுழைவு முடிந்துவிட்டது. கோரிங் கொண்டுசென்றது புதிய நுழைவு. அந்தக் கணத்தில் கில்லிஸ் உள்ளே இருந்தார். எனவே ஊதல் ஒலித்திருக்க வேண்டும். கோட்டின் அருகே இருந்த நடுவர் லியோன் ஸ்டிக்கில் இரு கைகளையும் விரித்து, ஆஃப்சைடு இல்லை என்று காட்டினார். கோல் நிலைத்தது.

ஆட்டம் 4–4 எனச் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அதில் பாப் நைஸ்ட்ரம் அடித்த கோலால் ஐலண்டர்ஸ் 5–4 என வென்று தன் முதல் ஸ்டான்லி கோப்பையைப் பெற்றது. தாம் தவறிவிட்டதை ஸ்டிக்கில் பின்னர் ஒப்புக்கொண்டார். அன்று அவருடைய தீர்ப்பை மறுபரிசீலிக்க விதியில் இடமில்லை.

காணொளி மறு ஆய்வு

2013 பிப்ரவரி 18 அன்று நாஷ்வில் அணிக்கு எதிராகக் கொலராடோ அணியின் மாட் டுஷேன் அடித்த கோல், இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது. அவர் வட்டுக்கு வெகு முன்பாகவே கோட்டைக் கடந்திருந்தது தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்தும் கோல் நிலைத்தது.

2015–16 பருவம் முதல், ஆஃப்சைடு நேர்ந்த பின் அடிக்கப்பட்ட கோலை எதிர்த்துப் பயிற்சியாளர் முறையிடலாம் என்ற விதி வந்தது. காணொளியில் ஆஃப்சைடு உறுதியானால் கோல் நீக்கப்பட்டு, கடிகாரமும் ஆஃப்சைடு நேர்ந்த நேரத்துக்குத் திருப்பி வைக்கப்படும். ஆனால் அந்த நுழைவுக்கும் கோலுக்கும் இடையே வட்டு ஒருமுறை வெளியேறியிருந்தால் முறையீடு செல்லாது.

தொடக்கத்தில், முறையீடு தோற்றால் அணி தன் ஓய்வு இடைவேளையை இழந்தது. அற்ப ஐயங்களுக்கெல்லாம் முறையீடுகள் பெருகியதால், 2017–18 பருவம் முதல் 2 நிமிடத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த 2 நிமிடமும் அணி ஒருவர் குறைவாக ஆட வேண்டும். எனவே இன்று பயிற்சியாளர் தம் உதவியாளர்கள் காணொளியைப் பார்த்து உறுதி சொன்ன பிறகே முறையிடுவது வழக்கம்.

உறுதியாகத் தோன்றியதும் பொய்க்கலாம் என்பதற்கு 2022 மே 31 அன்று கொலராடோவுக்கும் எட்மண்டனுக்கும் இடையே நடந்த ஆட்டம் சான்று. கொலராடோவின் வலேரி நிச்சுஷ்கின் தாக்குதல் பகுதியிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார். அப்போது சக வீரர் கேல் மகார், வட்டைத் தனக்கு முன்னே தள்ளிவிட்டுக் கோட்டைக் கடந்தார். பின்னர் கோலும் அடித்தார். எட்மண்டன் முறையிட்டது.

மகார் வட்டைத் தொடர்ந்து கட்டுப்படுத்திக்கொண்டே நுழைந்ததாகக் கொண்டால் அது ஆஃப்சைடு. ஆனால் உள்ளே சென்ற வட்டை, நிச்சுஷ்கின் கோட்டைத் தொடும் வரை மகார் தொடவில்லை என்றும், ஆகவே அது தாமத ஆஃப்சைடு மட்டுமே என்றும் லீக் விளக்கியது. கோல் நிலைத்தது. எட்மண்டன் 2 நிமிடத் தண்டனையும் பெற்றது. கொலராடோ 8–6 என வென்றது. பலமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்களும் இதில் கருத்து வேறுபட்டனர். கால் எங்கே இருந்தது என்பதைக் காணொளி காட்டும். வட்டு ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

பிற விளையாட்டுகளுடன் ஒப்பீடு

கால்பந்து ஆஃப்சைடை அறிந்தவர்கள் பனி ஹாக்கி விதியைக் கண்டு குழம்புவது இயல்பு. கால்பந்தில் எல்லை நிலையானதன்று. பொதுவாகக் கடைசிக்கு முந்தைய தற்காப்பு வீரர் எங்கே நிற்கிறாரோ அதையொட்டி எல்லை நகரும். பனி ஹாக்கியில் எல்லை தரையில் வரைந்த கோடு. தற்காப்பு வீரர்கள் எங்கே நிற்கின்றனர் என்பது ஒரு பொருட்டன்று.

கால்பந்தில் ஆஃப்சைடு நிலையில் நிற்பது மட்டும் குற்றமாகாது, அவர் ஆட்டத்தில் பங்கேற்க வேண்டும். பனி ஹாக்கியில் ஓரமாக நிற்கும் வீரராலும் அணியின் நுழைவு செல்லாமல் போகலாம். மறுபுறம், வட்டு முறைப்படி உள்ளே வந்துவிட்டால் தாக்குதல் வீரர்கள் எங்கும் நிற்கலாம், கோலுக்குப் பின்னாலும் செல்லலாம்.

இந்தியர்களுக்கு நன்கு அறிமுகமான புல்தரை ஹாக்கியிலும் ஒரு காலத்தில் ஆஃப்சைடு இருந்தது. 1996-இல் சோதனை முயற்சியாக அது விலக்கப்பட்டு, 1998-இல் நிரந்தரமாக நீக்கப்பட்டது. பனி ஹாக்கிக்கு ஆஃப்சைடைக் கொடுத்த விளையாட்டு அதைக் கைவிட்டுவிட, பெற்றுக்கொண்ட விளையாட்டு இன்றும் அதைக் காத்துவருகிறது.

பனி ஹாக்கியிலேயே உள்ள ஐசிங் விதியையும் ஆஃப்சைடுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து அடித்த வட்டு, யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிச் செல்வது ஐசிங். அது வட்டின் பயணத்தைப் பற்றியது. ஆஃப்சைடு, வட்டுக்கும் வீரருக்கும் உள்ள வரிசையைப் பற்றியது.

பயிற்சிக்குச் சில சூழல்கள்

1. வட்டு கோட்டை முழுமையாகக் கடக்கும்போது ஒரு வீரரின் மட்டையும் கைகளும் உள்ளே உள்ளன, ஸ்கேட்டுகள் வெளியே உள்ளன.
விடை: ஆஃப்சைடு இல்லை. ஸ்கேட்டுகள் மட்டுமே கணக்கு.

2. தற்காப்பு அணி வெளியே அடித்த வட்டைத் தாக்குதல் வீரர் நீலக்கோட்டின் மேலேயே தடுத்து நிறுத்துகிறார். அவருடைய அணியினர் மூவர் உள்ளே உள்ளனர்.
விடை: ஆஃப்சைடு இல்லை. வட்டு கோட்டைத் தாண்டி வெளியேறவில்லை.

3. மேற்கண்ட சூழலில் வட்டு கோட்டை முழுமையாகத் தாண்டி வெளியேறிவிடுகிறது. தாக்குதல் வீரர் அதை எடுத்து உடனே உள்ளே கொண்டுசெல்கிறார்.
விடை: ஆஃப்சைடு. மூவரும் வட்டுக்கு முன்பே உள்ளே இருக்கின்றனர்.

4. அதே வீரர் வட்டை உள்ளே அடித்துவிட்டுத் தாம் வெளியே நிற்கிறார். உள்ளே இருந்த மூவரும் வட்டைத் தொடாமல் கோட்டுக்குத் திரும்புகின்றனர்.
விடை: தாமத ஆஃப்சைடு. மூவரும் ஒரே நேரத்தில் பகுதியை விட்டு நீங்கியதும் நடுவர் கையை இறக்குவார். ஆட்டம் தொடரும்.

5. நடுப்பகுதியில் வட்டை வைத்திருக்கும் தற்காப்பு வீரர், நெருக்குதலைத் தவிர்க்கத் தன் பகுதிக்குள்ளேயே திரும்பிச் செல்கிறார். அங்கே எதிரணி வீரர் ஒருவர் நிற்கிறார்.
விடை: ஆஃப்சைடு இல்லை. வட்டை உள்ளே கொண்டுவந்தது தற்காப்பு அணியே.

விதியின் நோக்கம்

1929-இல் இவ்விதி வகுக்கப்பட்டது, கோல் வாயிலில் காத்துக்கிடப்பதைத் தடுப்பதற்காகவே. முன்னோக்கி அனுப்பும் உரிமை தாக்குதலுக்கு வேகம் தந்தது. நீலக்கோடு அந்த வேகத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. 1943, 2005, 2020 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையைச் சரிசெய்யும் முயற்சிகளே.

காணொளி வந்தபின், ஆட்டத்தின் போக்கை எவ்வகையிலும் மாற்றாத நூலளவு வேறுபாட்டுக்காகவும் கோல்கள் நீக்கப்படுகின்றன என்ற குறை எழுந்துள்ளது. 1980-இல் நேர்ந்தது போன்ற பிழைக்கு இனி இடமில்லை என்பது அதன் மறுபக்கம். ஸ்கேட் கோட்டுக்கு மேலே இருந்தால் போதும் என்று 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், துல்லியத்தைக் கைவிடாமல் விதியின் நோக்கத்துக்கு நெருங்கி வர எடுத்த ஒரு படியாகும்.